மூக்குத்தியில் ஊதா, ஜிமிக்கியில் பச்சை: 50 மி.மீ. லென்ஸில் நிறம் ஏன் ஒட்டுகிறது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். நிக்கான் டி750 கேமராவில் 50 மி.மீ. 1.8ஜி லென்ஸை மாட்டி, கல்யாண மண்டபங்களில் மணப்பெண்ணை நெருக்கமாகப் படமெடுக்கிறீர்கள். பின்னால் தொங்கும் சீரியல் விளக்குகள் மெத்தென்ற வட்டங்களாக வராமல், விளிம்பு தடித்து, பச்சை ஓரத்துடன் வருகின்றன. நகைகளின் பளபளப்பில் ஊதா படர்கிறது. 1.4ஜி வாங்கினால் இரண்டும் தீருமா, இல்லை 58 மி.மீ. 1.4ஜி அல்லது சிக்மா ஆர்ட் 50 வரை போக வேண்டுமா என்பது உங்கள் சந்தேகம்.

இதில் மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பின்னணி எவ்வளவு மங்குகிறது என்பது ஒன்று. மங்கிய பகுதி பார்க்க எப்படி இருக்கிறது என்பது இன்னொன்று. அதில் நிறம் ஏன் ஒட்டுகிறது என்பது மூன்றாவது. முதலாவது வெறும் கணக்கு. இரண்டாவதில் பாதி இயற்பியல், பாதி ரசனை. மூன்றாவது ஏறக்குறைய முழுவதும் இயற்பியல். 1.4ஜி வாங்கினால் முதலாவது கொஞ்சம் மாறும், இரண்டாவது ஓரளவு மேம்படும், மூன்றாவது தீராது. கடைக்குக் கிளம்பிவிட்டீர்கள் என்றால் இதுவரை படித்தது போதும். நான் இயற்பியல் படித்துவிட்டுப் படமெடுக்க வந்தவன். பல ஆண்டுகளாகத் திருமணமும் நகைப் படமும்தான் பிழைப்பு. ஆகையால் காரணத்தைச் சற்று நீட்டித்தான் சொல்வேன்.

அளவிலிருந்து தொடங்குவோம். வெகு தொலைவில் உள்ள ஒரு விளக்கு படத்தில் எவ்வளவு பெரிய வட்டமாக விழும் என்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு. குவியத் தூரத்தை (லென்ஸின் பெயரில் உள்ள 50 மி.மீ.) எஃப் எண்ணால் (அதே பெயரில் உள்ள 1.8) வகுத்தால் லென்ஸ் திறப்பின் விட்டம் கிடைக்கும். 50ஐ 1.8ஆல் வகுத்தால் சுமார் 28 மி.மீ. நீங்கள் ஃபோகஸ் செய்த முகத்தின் தளத்தில் வைத்து அளந்தால், தொலைதூர விளக்கின் வட்டமும் அதே 28 மி.மீ. அகலம்தான் இருக்கும். அதாவது மணப்பெண்ணின் கன்னத்தோரம் ஒரு பத்து ரூபாய் நாணயத்தைப் பிடித்தால் எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ அவ்வளவு. எஃப் 1.4 என்றால் 36 மி.மீ.; 58 மி.மீ. 1.4 என்றால் 41, 85 மி.மீ. 1.8 என்றால் 47. விளக்கு முடிவிலாத் தொலைவில் இல்லாமல் மண்டபத்துக்குள்ளேயே இருந்தால் இந்த அளவு குறையும். பெண் இரண்டு மீட்டரில், விளக்கு நான்கு மீட்டரில் என்றால் சரிபாதி: 1.8ல் 14 மி.மீ., 1.4ல் 18 மி.மீ. இப்போது பெண்ணை மேடைத் திரையிலிருந்து இன்னும் இரண்டு மீட்டர் முன்னால் அழைத்து வந்து, நீங்களும் அதே அளவு பின்வாங்குங்கள். பெண் அதே இரண்டு மீட்டரில், விளக்கு ஆறு மீட்டரில். உங்கள் 1.8ஜி இப்போது 18.5 மி.மீ. வட்டம் தரும். காசு கொடுத்து வாங்கும் 1.4 பழைய இடத்தில் நின்று தருவதைவிட இது கூடுதல். மேடையில் சொந்தக்காரர்கள் நெருக்கியடித்து நிற்கும்போது இரண்டு மீட்டருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். முகூர்த்த நேரத்தில் முடியாதுதான். ஆனால் தனிப்படம் எடுக்கும் அந்தக் கால் மணி நேரத்தில் முடியும்.

இனி வட்டத்தின் தோற்றம். ஒரு விளக்கு வட்டத்தை 100 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். நடுவில் பிரகாசம் கூடி, ஓரத்தில் கரைந்து போகிறதா? முழுவதும் ஒரே சீராக இருக்கிறதா? அல்லது நடு மங்கலாகவும், ஓரத்தில் கம்பி வளையம் போட்டாற்போலவும் இருக்கிறதா? உங்கள் படங்களில் மூன்றாவது வகை தெரிகிறது என்று ஊகிக்கிறேன். இதற்குக் காரணம் கோளப்பிறழ்ச்சி. லென்ஸின் ஓரத்தின் வழியாக வரும் கதிர்களும் நடுவின் வழியாக வரும் கதிர்களும் ஒரே புள்ளியில் குவியாமல் போவதைத்தான் அப்படிச் சொல்கிறோம். வடிவமைப்பாளர் இதைத் திருத்தும்போது கொஞ்சம் குறைவாகத் திருத்தினால், பின்னணி வட்டங்களின் ஓரம் கரைந்து மென்மையாகும். கொஞ்சம் அதிகமாகத் திருத்தினால் ஓரம் தடித்து வளையம் கட்டும். முழுத் திறப்பில் ஃபோகஸ் இடம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்பதற்காகப் பல வேகமான, அதாவது பெரிய திறப்புள்ள, 50 மி.மீ. லென்ஸ்கள் இரண்டாவது பக்கம் சாய்ந்தவை. தனி விளக்கு வட்டங்களில் இது அழகாகக்கூடத் தெரியலாம். வேப்பிலைக் கொத்தும் தென்னங்கீற்றும் பின்னணியானால்தான் தொல்லை. ஒவ்வொரு கீற்றும் இரட்டைக் கோடாகப் பிரிந்து, பின்னணி முழுக்கக் கிறுக்கி வைத்ததுபோல் ஆகிவிடும்.

பின்னணி எதைக் கொடுக்கிறதோ, முன்னணி அதற்கு நேர்மாறாகக் கொடுக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பின்னணியை மென்மையாகக் கரைக்கும் லென்ஸில், ஃபோகஸுக்கு முன்னால் இருப்பவை வளையம் கட்டும். மல்லிகைச் சரத்தின் ஊடாகவோ கதவு நிலையில் தொங்கும் தோரணத்தின் ஊடாகவோ முகத்தைப் படமெடுக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், ‘பொக்கே (மங்கலின் அழகு) பிரமாதம்’ என்று எல்லோரும் புகழும் லென்ஸ் அந்தக் கோணத்தில் உங்களை ஏமாற்றும். இது லென்ஸின் பழுதல்ல. கதிர்களின் கணக்கே அப்படி.

2013ல் வந்த நிக்கான் 58 மி.மீ. 1.4ஜி இந்தக் கணக்கை வேண்டுமென்றே பின்னணிக்குச் சாதகமாக வைத்த லென்ஸ். 6 குழுக்களில் 9 கண்ணாடிகள், அவற்றில் இரண்டு கோளமல்லாத வளைவு கொண்டவை. இத்தனை இருந்தும், முழுத் திறப்பில் பரிசோதனைப் பலகையைப் படமெடுத்தால் சிக்மா ஆர்ட்டின் அருகில்கூட நிற்காது. வெளிவந்தபோது ‘இந்த விலைக்கு இந்தக் கூர்மைதானா’ என்று நிறையப் பேர் கோபப்பட்டார்கள். அவர்கள் அளந்ததில் தவறில்லை. ஆனால் அளந்தது ஃபோகஸ் தளத்தை மட்டும். முகத்துக்குப் பின்னால் அரை மீட்டர் தூரத்தில் உள்ள தோள், கூந்தல், மாலை ஆகியவை கூர்மையிலிருந்து மங்கலுக்கு எப்படி நழுவுகின்றன என்பதைப் பரிசோதனைப் பலகை காட்டாது. என் கண்ணுக்கு அந்த நழுவலில், நிக்கான் எஃப் மவுண்டின் (உங்கள் டி750ல் உள்ள லென்ஸ் இணைப்பு) 50 மி.மீ. வட்டாரத்தில் 58க்கு நிகரில்லை. ஆனால் இது என் கண்ணின் தீர்ப்பு. அளவுகோலின் தீர்ப்பு அல்ல. கோளப்பிறழ்ச்சியை மிச்சம் வைத்த லென்ஸ்களுக்கு இன்னொரு குணமும் உண்டு: அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை, குறைக்கும்போது ஃபோகஸ் தளம் சற்றே பின்னால் நகரும். முழுத் திறப்பில் ஃபோகஸ் பிடித்துவிட்டு எஃப் 2.8ல் சுடுகிற கேமராவில் இது கவனிக்க வேண்டிய விஷயம்.

வட்டத்தின் வடிவத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஓரங்களில் வட்டம் பூனைக்கண்ணாகச் சப்பிப் போவது, லென்ஸின் குழாய் கதிர்களை ஒரு பக்கம் மறைப்பதால். எல்லா வேகமான லென்ஸிலும் முழுத் திறப்பில் இது உண்டு. ஒன்றிரண்டு நிறுத்தம் (ஒரு நிறுத்தம் என்றால் ஒளி பாதியாகும்) குறைத்தால் போய்விடும். 1.4ஜியை எஃப் 2க்குக் குறைத்து எடுத்தால், எஃப் 1.8ல் முழுத் திறப்பில் இருக்கும் உங்கள் லென்ஸைவிட ஓர வட்டங்கள் முழுமையாக இருக்கும். பெரிய லென்ஸின் உண்மையான லாபங்களில் இதுவும் ஒன்று. குறைத்த பிறகு வட்டம் பலகோணமாவது அப்பர்ச்சர் இதழ்களைப் பொறுத்தது. 1.8ஜிக்கு ஏழு இதழ்கள், 1.4ஜிக்கு ஒன்பது, இரண்டிலும் இதழ்கள் வளைந்தவை. பழைய 1.8டியில் இதழ்கள் நேரானவை; அதனால்தான் அது எஃப் 2.8லேயே ஏழு மூலைகளைக் காட்டிவிடும். வட்டத்துக்குள் வெங்காயத்தை நறுக்கியதுபோல வளையங்கள் தெரிந்தால், அது கோளமல்லாத கண்ணாடியை வார்க்கும் அச்சில் கருவி விட்ட தடம்.

நிறத்துக்கு வருவோம். இதில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் இணையத்தில் பாதிச் சண்டை. முதல் வகை பக்கவாட்டு நிறப்பிறழ்ச்சி. ஒவ்வொரு நிறமும் சற்றே வேறு அளவில் படமாவதால், படத்தின் மூலைகளில் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் நீலப்பச்சை என்று கோடு விழும். அப்பர்ச்சரைக் குறைத்தாலும் போகாது. ஆனால் மென்பொருளில் ஒரு சொடுக்கில் போய்விடும். ஜேபெக்கில் எடுத்தால் உங்கள் கேமராவே அதைத் திருத்திவிடுகிறது. இரண்டாவது வகை அச்சு வழி நிறப்பிறழ்ச்சி. இதில் நிறங்கள் குவியும் தூரமே வேறுபடுகிறது. படத்தின் நடுவிலும் இருக்கும், மூலையிலும் இருக்கும். உங்கள் புகார் இதைப் பற்றியது.

50 மி.மீ. லென்ஸ்களில் முதல் வகை குறைவாகவும் இரண்டாவது வகை தூக்கலாகவும் இருப்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1896ல் ஸைஸ் நிறுவனத்தின் பால் ருடால்ஃப் பிளானார் என்ற லென்ஸை வடிவமைத்தார். நடுவில் அப்பர்ச்சர், அதன் இரு பக்கமும் கண்ணாடியில் முகம் பார்ப்பதுபோல ஒரே மாதிரியான கண்ணாடித் தொகுதிகள். டபுள் காஸ் என்று அழைக்கப்படும் அந்த அமைப்பின் வாரிசுகள்தான் உங்கள் 1.8ஜி, 1.4ஜி, இன்னும் சந்தையில் கிடைக்கும் பெரும்பாலான மலிவு விலை 50கள். இந்தச் சமச்சீர் அமைப்பில், பக்கவாட்டில் நிகழும் பிழைகளை முன்பாதி ஒரு திசையில் தள்ளினால் பின்பாதி மறுதிசையில் தள்ளி ஈடு செய்துவிடுகிறது. அதனால் பக்கவாட்டு நிறப்பிறழ்ச்சியும் நேர்கோடு வளைவதும் கிட்டத்தட்ட இலவசமாகத் தீர்ந்துவிடுகின்றன. அச்சின் நீளவாக்கில் நிகழும் பிழைகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. கோளப்பிறழ்ச்சியும் அச்சு வழி நிறப்பிறழ்ச்சியும் இரண்டு பாதிகளிலும் ஒன்றோடொன்று கூடத்தான் செய்யும். நீங்கள் குறை சொல்லும் இரண்டு பிழைகளும், தடித்த விளிம்பும் பச்சை ஓரமும், இப்படிச் சலுகை கிடைக்காத பட்டியலில் உள்ளவை.

பச்சை ஏன் பின்னணியில் மட்டும் வருகிறது என்பதற்கு விளக்கம் இதோ. சாதாரணக் கண்ணாடிகளைக் கொண்டு நிறத்தைத் திருத்தும்போது சிவப்பையும் நீலத்தையும் ஓரிடத்தில் சேர்த்துவிடலாம். பச்சை மட்டும் லென்ஸுக்குச் சற்று அருகிலேயே குவிந்துவிடும். பின்னணியில் உள்ள விளக்கின் பிம்பம் சென்சாருக்கு முன்னதாகவே குவிகிறது. அதிலும் பச்சை எல்லாவற்றுக்கும் முன்பே குவிவதால், சென்சாரை அடையும்போது பச்சை வட்டம் மற்றவற்றைவிடப் பெரிதாக விரிந்திருக்கும். ஓரத்தில் பச்சை மட்டும் பிதுங்கித் தெரியும். ஃபோகஸுக்கு முன்னால் உள்ள பொருளுக்கு எல்லாம் தலைகீழ். அங்கே சிவப்பும் நீலமும் அதிகம் விரிந்து, இரண்டும் கலந்த ஊதாச்சிவப்பு விளிம்பைக் கொடுக்கும்.

மணப்பெண்ணின் முகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் தூரத்திலிருந்து, எஃப் 1.8ல், கண்ணில் ஃபோகஸ் வைக்கிறீர்கள். வழக்கமான அளவுகோலின்படி கூர்மையாகத் தெரியும் ஆழம் மொத்தமே நான்கு செ.மீ. சொச்சம், கண்ணுக்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. மூக்குத்தி கண்ணுக்கு இரண்டு மூன்று செ.மீ. முன்னால் இருக்கிறது, அதன் கல்லிலிருந்து தெறிக்கும் ஒளியைச் சுற்றி ஊதாச்சிவப்பு. ஜிமிக்கி கண்ணுக்கு எவ்வளவோ பின்னால். அதன் முத்துகளின் ஓரத்தில் பச்சை. இடையில் நெற்றிச்சுட்டியின் சங்கிலி வகிட்டின் வழியே பின்னோக்கிப் போகிறது. ஃபோகஸ் தளத்தைத் தாண்டும் இடத்தில் அதன் விளிம்பு நிறம் மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். உங்கள் பழைய படங்களைத் திறந்து பாருங்கள், இந்த வரிசை அப்படியே இருக்கும்.

இதில் ஒரு நன்மையும் உண்டு. நீங்கள் கண்ணில் ஃபோகஸ் வைத்ததாக நினைக்கும் படத்தில் இமை முடிகளின் ஓரம் ஊதாவாக இருந்தால், ஃபோகஸ் கண்ணைத் தாண்டிப் பின்னால் போய்விட்டது என்று பொருள். பச்சையாக இருந்தால் ஃபோகஸ் கண்ணுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. நிறைய படங்களில் தொடர்ந்து ஒரே நிறம் வருகிறதென்றால் டி750ன் ஏஎஃப் ஃபைன் டியூன் (தானியங்கி ஃபோகஸை முன்பின் நகர்த்தும் வசதி) பகுதிக்குப் போய்ச் சரிசெய்யுங்கள். இமை ஊதா என்றால் குறை எண் பக்கம், பச்சை என்றால் கூட்டல் எண் பக்கம். லென்ஸ் மாற்ற வேண்டும் என்று என்னிடம் வந்த சிலருடைய பாதிக் குறை இந்த இடத்திலேயே தீர்ந்துபோயிருக்கிறது.

அப்பர்ச்சரைக் குறைத்தால் எவ்வளவு தீரும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு போடுவோம். சாதாரணக் கண்ணாடிகளால் திருத்தப்பட்ட லென்ஸில் மிஞ்சும் நிற விலகல், குவியத் தூரத்தில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு என்பது பாடநூல் மதிப்பு. 50 மி.மீ.க்கு அது 25 மைக்ரான் (மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒன்று). அதை எஃப் எண்ணால் வகுத்தால் சென்சாரில் விழும் நிறக்கறையின் அகலம் வரும். எஃப் 1.4ல் 18 மைக்ரான், 1.8ல் 14, எஃப் 2.8ல் 9, எஃப் 4ல் 6. உங்கள் 24 மெகாபிக்சல் சென்சாரில் ஒரு பிக்சல் 6 மைக்ரான். ஆக, 1.4ல் மூன்று பிக்சல் அகலத்துக்கு நிறம், எஃப் 4ல் ஒரு பிக்சல். எந்தக் குறிப்பிட்ட லென்ஸுக்கும் இது துல்லியமான எண் அல்ல. போக்கு மட்டும் உறுதி. 1.8லிருந்து 1.4க்குப் போனால், மற்றவை சமமாக இருக்கும்வரை, நிறம் கூடத்தான் செய்யும். 1.4ஜி முழுத் திறப்பில் நிறம் அதிகம் காட்டுகிறது என்று அதைத் திட்டுவதில் நியாயமில்லை; அது தன் எஃப் எண்ணுக்குரிய வேலையைத்தான் செய்கிறது.

உங்கள் நகைகளில் தெரியும் ஊதா முழுவதையும் அச்சு வழி நிறப்பிறழ்ச்சியின் கணக்கில் எழுத எனக்குத் துணிவில்லை. ஃபோகஸ் சரியாக இருக்கும் இடத்திலும், அளவுக்கு மீறி வெளுத்துப்போன பளபளப்பைச் சுற்றி ஒரு நீல ஊதாப் படர்வு வரும். நீலத்தின் கடைசி ஓரத்தில் உள்ள ஊதாக் கதிர்களை லென்ஸ் சரியாகக் குவிக்காதது அதில் ஒரு பங்கு. வெளிச்சம் மிகுந்து சென்சார் நிரம்பி வழிவதும் ஒரு பங்கு. வெள்ளை எல்ஈடி விளக்குகளின் ஒளியில் நீலம் கூரான உச்சமாக இருப்பதால் அதுவும் சேர்ந்துகொள்கிறது. ஒரு படத்தை மட்டும் பார்த்து இவற்றில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் சோதிக்க வழி உண்டு: அதே காட்சியை ஒன்றரை நிறுத்தம் குறைவான எக்ஸ்போஷரில், அப்பர்ச்சரை மாற்றாமல் ஷட்டரை மட்டும் வேகப்படுத்தி எடுங்கள். ஊதா பெருமளவு அடங்கினால் வெளுப்புதான் முக்கியக் காரணம். யூவி ஃபில்டர் போட்டால் சரியாகும் என்று கடைக்காரர் சொன்னால் கேட்டுவிட்டு வந்துவிடுங்கள். டிஜிட்டல் சென்சாரின் முன்னாலேயே புற ஊதாவைத் தடுக்கும் தகடு இருக்கிறது. மேலும் ஒன்று போட்டுப் பெரும்பாலும் பலனில்லை.

இப்போது லென்ஸ்களை வரிசையாகப் பார்க்கலாம். உங்கள் 1.8ஜி 2011ல் வந்தது. 7 கண்ணாடிகள், அதில் ஒன்று கோளமல்லாதது, எடை 185 கிராம். விலைக்கு மீறிய கூர்மை, நடுத்தரத் தூரப் பின்னணியில் கொஞ்சம் பரபரப்பு, நிறம் தெளிவாகத் தெரியும். 2008ல் வந்த 1.4ஜி 8 கண்ணாடிகளும் 280 கிராமும் கொண்டது. இரண்டையும் எஃப் 2ல் வைத்து அருகருகே பார்த்தால் 1.4ஜியின் பின்னணி ஒரு படி அமைதியாக இருக்கும். நிறத்தில் சொல்லிக்கொள்ளும்படி முன்னேற்றம் இல்லை, ஃபோகஸ் வேகத்தில் சற்றுப் பின்னடைவு. 58ஐப் பற்றிச் சொல்லிவிட்டேன். அதிலும் பச்சையும் ஊதாவும் இருக்கின்றன, மென்மையான ஓரத்தில் கரைந்து போவதால் கண்ணை உறுத்துவது குறைவு. 2014ன் சிக்மா ஆர்ட் வேறு ஜாதி. டபுள் காஸ் சமச்சீரை விட்டு வெளியேறி, 8 குழுக்களில் 13 கண்ணாடிகள், அவற்றில் மூன்று நிறச்சிதறல் குறைந்த சிறப்புக் கண்ணாடிகள், எடை 815 கிராம். எஃப் 1.4லேயே நிறம் வெகுவாகக் குறைந்திருக்கும், ஆனால் பூஜ்யமில்லை. பின்னணி நன்றாகவே இருக்கும். 58ன் நழுவல் இருக்காது. நிறம் அறவே கூடாது என்றால் எஃப் மவுண்டில் 2013ன் ஸைஸ் ஓட்டஸ் 55 மி.மீ. 1.4 இருக்கிறது. ஒரு கிலோ எடை, பயமுறுத்தும் விலை, கையால்தான் ஃபோகஸ். தாலி கட்டும் நேரத்தில் கையால் ஃபோகஸ் செய்யத் துணிவிருந்தால் வாங்கலாம், எனக்கு இல்லை.

மிரர்லெஸ் (உள்ளே ஆடி இல்லாத கேமரா) பக்கம் போகும் எண்ணம் இருந்தால் கணக்கே மாறிவிடும். எஃப் மவுண்டில் லென்ஸின் இருக்கைக்கும் சென்சாருக்கும் இடையே 46.5 மி.மீ. தூரம், நிக்கான் மிரர்லெஸ் கேமராக்களின் இசட் மவுண்டில் 16 மி.மீ. ஆடி மேலெழும்ப இடம் விட வேண்டியதில்லை என்பதால் பெரிய கண்ணாடிகளைச் சென்சாருக்கு அருகிலேயே வைக்கலாம். 2019ல் வந்த இசட் 50 மி.மீ. 1.8 எஸ் லென்ஸில் 12 கண்ணாடிகள், அவற்றில் இரண்டு ஈடி (நிறச்சிதறல் குறைந்தவை), இரண்டு கோளமல்லாதவை, எடை 415 கிராம். உங்கள் 1.8ஜி காட்டும் பச்சையில் சிறு பங்குதான் அதில் தெரியும். எஃப் எண் இரண்டுக்கும் ஒன்றே என்பதைக் கவனியுங்கள், ‘1.8 என்றால் மலிவு, 1.4 என்றால் தரம்’ என்ற கடைத்தெரு வாய்ப்பாடு இங்கே எடுபடாது. ஆனால் அந்த லென்ஸை உங்கள் டி750ல் மாட்ட முடியாது. உங்கள் பழைய லென்ஸ்களை அடாப்டர் வைத்து இசட் கேமராவில் மாட்டலாம்.

வாங்குமுன் கடையில் பத்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே மாடலில் ஒரு லென்ஸுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் இருக்கும், அதிலும் கைமாறிய லென்ஸ் என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு செய்தித்தாளை மேசையில் விரித்து, அரை மீட்டர் தூரத்திலிருந்து சாய்வாக, நடு வரியில் ஃபோகஸ் வைத்து முழுத் திறப்பில் எடுங்கள். 58க்கு மட்டும் இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். அதன் குறைந்தபட்சத் தூரம் 58 செ.மீ. உங்களுக்கு அருகே உள்ள எழுத்துகள் ஊதாவாகவும் தொலைவில் உள்ளவை பச்சையாகவும் சாயம் ஏறியிருக்கும். எவ்வளவு அழுத்தமாக என்பதுதான் கேள்வி. அடுத்து, கடை வாசலுக்கு வந்து, இரண்டு மீட்டரில் ஒருவரை நிறுத்தி, பின்னால் மரமோ மின்கம்பிகளோ வரும்படி எடுங்கள். கம்பி இரண்டாகப் பிரிகிறதா என்று பாருங்கள். எல்லா லென்ஸையும் எஃப் 2ல் ஒருமுறையும் முழுத் திறப்பில் ஒருமுறையும் எடுத்து ஒப்பிடுங்கள். இணையத்தில் கிடைக்கும் ஒப்பீட்டுப் படங்களில் தூரமும் வெளிச்சமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. அவற்றை வைத்து நான் எந்த லென்ஸையும் தள்ளவும் மாட்டேன், கொள்ளவும் மாட்டேன்.

மென்பொருளில் என்ன முடியும் என்பதையும் சொல்ல வேண்டும். படத் திருத்த மென்பொருளான லைட்ரூமில் உள்ள டிஃபிரிஞ்ச் என்ற கருவி, ஊதாவையும் பச்சையையும் தேடிப் பிடித்து அவற்றின் நிறத்தை வெளுக்கிறது. வெள்ளிக் குத்துவிளக்குக்கும் வெள்ளை வேட்டிக்கும் அற்புதமாக வேலை செய்யும். ஆனால் கத்தரிப்பூ நிறப் பட்டுக்குத் தங்க ஜரிகைக் கரை வைத்திருந்தால், எது கறை எது சேலை என்று அதற்குத் தெரியாது. ஜரிகையை ஒட்டிய பட்டு சாம்பல் பூத்துவிடும். பச்சை மாவிலைத் தோரணத்துக்கும் இதே கதி. அதனால் படம் முழுவதற்கும் ஏற்றாமல், தூரிகைக் கருவியில் எடுத்து நகைமீது மட்டும் பூசுங்கள். வட்டங்களின் தடித்த விளிம்புக்கு இப்படி எளிய மருந்து கிடையாது. பின்னணியைச் செயற்கையாக மங்கலாக்கும் வசதிகள் வந்திருக்கின்றன. கூந்தல் நுனியில் அவை இன்னும் தடுமாறுகின்றன.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்போதைக்கு 1.8ஜியை விற்க மாட்டேன். நெருக்கப் படங்களை எஃப் 2.2க்கும் 2.8க்கும் இடையில் எடுப்பேன். ஒரு மீட்டருக்குள் பின்னணி அப்போதும் தாராளமாக மங்கும், நகையில் நிறமும் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கும். பெண்ணைத் திரையிலிருந்து தள்ளி நிறுத்துவேன். நகைமேல் நேராக விழும் வீடியோ விளக்கை ஒரு கை அளவு நகர்த்தச் சொல்வேன். வீடியோக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. செலவழித்தே தீர வேண்டும் என்றால், முகமும் மாலையும் கூந்தலுமாக எடுப்பவருக்குக் கைமாறிய 58. நகைக்கடைக்கும் சேர்த்து வேலை செய்பவருக்குச் சிக்மா ஆர்ட். இரண்டு ஆண்டுக்குள் கேமராவையே மாற்றப் போகிறவர் எஃப் மவுண்டில் பணம் போடாமல் இசட் 50 1.8 எஸ்ஸுக்குச் சேர்த்து வைப்பது நல்லது. 1.4ஜியை மட்டும், நீங்கள் கேட்ட காரணங்களுக்காக, நான் பரிந்துரைக்க மாட்டேன். நல்ல லென்ஸ்தான், உங்கள் பச்சைக்கும் ஊதாவுக்கும் அதனிடம் பதில் இல்லை.